நான் தின்ற கடிதம்

எங்கள் ஊரில் ஞாயிறு பூசைக்குப் போய் நன்மை எடுக்காமல் திரும்பிவிட முடியாது. நற்கருணையை எங்கள் ஆட்கள் நன்மை என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் எழும்பி வரிசையில் போகும்போது ஒருவர் மட்டும் முழங்காலில் நின்றால் முன்னுக்கும் பின்னுக்கும் இருப்பவர்கள் கண்டுவிடுவார்கள். பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் அவருக்கு நரகத்துக்குக் கொண்டுபோகிற என்ன சாவான பாவம் என்று ஊர் முடிவு கட்டியிருக்கும். ஆகையால் பாவம் இருக்கிறவர்களும் போய் நாக்கை நீட்டுவோம். சாவான பாவத்தோடு நன்மை எடுப்பது இன்னொரு சாவான பாவம் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவளே நான்தான். தெரிந்துகொண்டே ஒன்பது வருடம் போனேன்.

பக்கத்து வீட்டு மாமி எனக்குச் சொந்தமில்லை. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது, அதனூடாக இரண்டு வீட்டாரும் போய்வருவோம், அவ்வளவுதான். மாமியின் புருஷன் நெஞ்சுவருத்தத்தில் இளவயதிலேயே போய்விட்டார். மாமி கரையில் மீன் வாங்கி வெட்டிக் கருவாடு போட்டு ஒரே மகளை வளர்த்தார். அவள் என்னைவிட ஐந்து வயது இளையவள், என்னிடம் மறைக்கல்வி படித்தவள். கேள்வி கேட்டே ஆளைச் சாகடிப்பாள். எல்லாம் தெரிந்த கடவுளுக்குப் பாவசங்கீர்த்தனம் என்று பாவத்தை ஏன் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று ஒருநாள் கேட்டாள். புத்தகத்தில் இருந்த பதிலைச் சொல்லி உட்கார வைத்தேன்.

சண்டை தொடங்கி எங்கள் தீவை விட்டுப் பெருநிலத்துக்கு ஓடியபோது நாங்கள் எல்லோரும் மடு மாதா கோயில் வளவில் போய்த் தறப்பாளின் கீழ்க் கிடந்தோம். அங்கேதான் அவள் அவனைக் கண்டாள். மலைநாட்டிலிருந்து வந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். வயலில் நாள்கூலிக்குப் போகிறவன், சைவக்காரன், எங்கள் வேதமில்லை. நாங்கள் தீவுக்குத் திரும்பும் கிழமையில் அவள் தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவனோடு போய்விட்டாள். மலைநாட்டு ஆட்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கேவலமான சொல் இருக்கிறது. "தோட்டக்காட்டானோட போனவள் என்ர படலையைத் திறக்கப்படாது" என்றார் மாமி. அந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும்தான் சொன்னோம். அன்று அது எனக்கும் கேவலமாகப் படவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆவணியில் நான் கட்டுக்கரைப் பக்கம் போனேன். என் அக்கா அங்கே கலியாணம் கட்டியிருந்தார். அப்போது தீவு ஒரு தரப்பிடம், பெருநிலம் மற்றத் தரப்பிடம். பாலத்தால் போக ஒரு பாஸ், திரும்பி வர இன்னொரு பாஸ். அக்காவுக்குக் குழந்தை கிடைத்திருந்ததால் எனக்குப் பத்து நாள் பாஸ் கிடைத்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள். வயிறு தெரிந்தது. வெயிலில் நடந்து வந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. ஒருநேரம் கேள்வியால் என்னைக் கொன்றவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொப்பித் தாள் ஒன்றை நாலாக மடித்து என் கையில் வைத்தாள்.

"அம்மாட்டக் குடுங்கோ அக்கா. அவ என்ன சொன்னாலும் சரி, எனக்குச் சொல்லி அனுப்புங்கோ."

"குடுக்கிறன்" என்றேன். தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன். அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

அடுத்த நாள் பாலத்தடியில் பெண்களை ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் கூப்பிட்டுச் சோதித்தார்கள். வரிசை நகரவேயில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி மெல்லச் சொன்னாள்: "கடிதம் கொண்டந்த ஒரு பிள்ளையை நேற்று உள்ளுக்குக் கொண்டு போனவங்களாம். இன்னும் விடேல்லையாம்." கடிதத்தை எங்கே எறிவது? கீழே போட்டால் எடுப்பார்கள். கடலில் எறிந்தால் காவலரணில் நிற்பவன் காண்பான். சட்டைக்குள் இருந்து எடுத்து, முந்தானையால் முகம் துடைப்பதுபோல் மறைத்து ஒருமுறை வாசித்தேன். ஏன் வாசித்தேன் என்று தெரியாது. வாய்ச்சொல்லாகவாவது சொல்லலாம் என்று நினைத்திருப்பேன். பிறகு அதை நாலு துண்டாகக் கிழித்து வாயில் போட்டேன்.

தாள் இலேசில் கரையாது. வெயிலில் வாய் காய்ந்து போயிருந்தது. துண்டு துண்டாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மையின் கசப்போடு மென்று மென்று விழுங்கினேன். கடைசித் துண்டு தொண்டையில் நின்று கண்ணீர் வந்தது. முன்னால் நின்றவள் நான் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள்.

என் முறை வந்தது. கொட்டிலுக்குள் இருந்த பெண் களைத்துப் போயிருந்தாள். பாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போ என்று கையைக் காட்டினாள். என் பையையும் சட்டையையும் ஒருவரும் சோதிக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமி வேலிப் பொட்டடியில் நின்றார். படலையைத் திறக்கப்படாது என்று சொன்ன மனுஷி நான் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணிக் காத்து நின்றிருக்கிறார். ஆனால் கேட்டதோ வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல.

"அங்காலை போனனி. அவளை எங்கையும் கண்டனியோ?"

"இல்லை மாமி. காணேல்லை."

வாயில் இன்னும் மை கசந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை காலமாக என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். கண்டேன் என்றால் கடிதம் எங்கே என்பார். தின்றேன் என்றால் ஏன் என்பார். பயத்தில் என்றால், சோதித்துப் பார்த்தார்களோ என்பார். இல்லை என்று நான் சொல்லவேண்டும். அந்த இல்லையைச் சொல்லத்தான் வெட்கம். கடிதம் கொண்டு திரிகிறவள் என்று கதை பரவினால் அடுத்த முறை பாஸ் கிடைக்காது என்ற பயமும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் பயத்தைவிட வெட்கம்தான் பெரிது. அவ்வளவு சின்னக் காரணம். கொலைகாரனுக்குக்கூட இதைவிட நல்ல காரணம் இருக்கும்.

நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அடுத்த நாள் போனால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பட்டது. ஒரு கிழமை போன பிறகு அந்த ஒரு கிழமைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் பாதையையே மூடிவிட்டார்கள். பாதை பூட்டியாச்சுத்தானே, இனிச் சொல்லியும் என்ன என்று மனம் ஆறுதல் தேடிக்கொண்டது. உண்மையைச் சொல்லப்போனால், பாதை பூட்டியதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மார்கழியில் அந்தப் பக்கத்திலிருந்து படகில் தப்பி வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். ஐப்பசியில் அங்கே செல் குண்டு விழ, சனம் காட்டுப் பக்கம் இடம்பெயர்ந்திருக்கிறது. அவளுக்கு மலேரியா. வலிப்பும் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது, பிள்ளை வயிற்றுக்குள்ளேயே. தெருவோரமாக எங்கேயோ குழி வெட்டித் தாட்டுவிட்டு மற்றவர்கள் நடையைக் கட்டியிருக்கிறார்கள்.

மாமி குழறி அழவில்லை. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு சொல்லு எழுதி அனுப்பியிருக்கலாம்தானே பிள்ளை. பிழை விட்டிட்டன் அம்மா எண்டு ஒரு சொல்லு. நான் நடந்தாவது போயிருப்பன்."

"ஓம் மாமி" என்றேன். அவள் எழுதத்தான் இல்லை என்று நானும் சேர்ந்து அவளைக் குற்றம் சாட்டினேன்.

அந்த ஞாயிறு நன்மை எடுக்கப் போனேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் ஒட்டுவதுதான். எனக்கு அது கொப்பித் தாளாகவே இருந்தது, வாய் கசந்தது. கும்பிட்ட கையோடு வந்து மாமிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். அன்றுமுதல் ஒரு ஞாயிறுகூட நன்மை எனக்கு இனித்ததில்லை.

கார்த்திகை மாதம் எங்கள் கோயிலில் இறந்த ஆத்துமாக்களுக்குப் பூசை வைப்பார்கள். வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் சுவாமியார் பீடத்தில் வைத்து வாசிப்பார். என் கையெழுத்து வடிவு என்று அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். அடுத்த வருடம் மாமி வீட்டுக்குப் போனேன். புருஷனின் பெயரைச் சொன்னார், தாய் தகப்பன் பெயர்களைச் சொன்னார், நிறுத்திவிட்டார்.

"அவளின்ர பேரையும் எழுதவோ மாமி?"

"வேண்டாம். பூசை உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து பாவம் கழிக்கிறவைக்குத்தான். கோயில்ல கலியாணம் எழுதாமக் குடும்பம் நடத்தினவள். பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிற நேரம் அவஸ்தைப் பூசுதல் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. நரகத்தில கிடக்கிறவளுக்குப் பூசை என்னத்துக்கு?"

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சொன்னார். எங்கள் சனத்தின் விசுவாசம் அப்படி. பாவத்துக்கு வருந்தி மனஸ்தாபப்படாமல் செத்தவருக்கு மீட்சி இல்லை என்று சின்ன வயதில் மனப்பாடம் பண்ணியதை அந்தத் தாய் தன் பிள்ளைக்கே தீர்ப்பாக எழுதிவிட்டார். அந்தப் பிள்ளையின் மனஸ்தாபம் முழுவதும் என் வயிற்றுக்குள் போயிருந்தது. அதை அறிந்த ஒரே சீவன் நான். பேனையை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அடுத்த கார்த்திகையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

ஒருநாள் காலைப் பூசை தொடங்கும் நேரம் கடலில் சண்டை மூண்டது. செல் கரைக்கும் வந்து விழத் தொடங்கியது. ஊர் முழுவதும் கோயிலுக்குள் ஓடிவந்தது. ஓடு பொலபொலவென்று கொட்டியது. அப்போதிருந்த வயதான சுவாமியார் சேர்ட்டுக்கு மேலே தோள்பட்டியைப் போட்டுக்கொண்டு பீடத்தடியில் வந்து நின்றார்.

"ஒவ்வொருத்தராக் கேக்க நேரமில்லை. மனஸ்தாப மந்திரம் சொல்லுங்கோ. எல்லாருக்கும் சேத்துப் பாவமன்னிப்புத் தாறன். சாவான பாவம் இருக்கிறவை, உயிர் தப்பினால், பிறகு வந்து தனியச் சொல்ல வேணும்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது பக்கத்தில் ஒன்று விழுந்து வெடித்தது. சனம் ஓலமிட்டது. மாமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் மனஸ்தாபப்பட்டார். நானும் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். சுவாமியார் கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் போட்டார். எல்லோரோடும் சேர்ந்து நானும் மன்னிப்பு வாங்கிவிட்டேன்.

ஒரு மணித்தியாலத்தில் சத்தம் ஓய்ந்தது. அதற்குப் பிறகு கனகாலம் அந்தக் கடைசி வசனம் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெடிச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்டிருக்கும்? எனக்குக் கேட்டது. ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது. சாகும் பயத்தில் வாங்கிய மன்னிப்பை உயிர் தப்பியதும் நான் கள்ளமாக வைத்துக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். போவேன். கோபப்பட்டனான், பூசையில பிராக்குப் பார்த்தனான், பொய் சொன்னனான் மூன்று தரம் என்று வரிசையாக ஒப்புவிப்பேன். அந்த மூன்று பொய்க்குள் இந்தப் பொய்யையும் சொருகிவிடுவேன். சுவாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு எழும்பி வருவேன். அப்படி எத்தனை தவக்காலம்.

இடையில் ஒருமுறை பாதை திறந்தபோது அக்காவைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் அக்கா சொன்னார்: "அந்தப் பிள்ளை ஞாயிறுக்கு ஞாயிறு இஞ்சை வந்து, உங்கட தங்கச்சியிட்ட இருந்து ஏதும் சேதி வந்ததோ எண்டு கேட்டது. பாவம், வயித்தையும் தூக்கிக்கொண்டு. கடைசியா வந்த நேரம், அம்மா பதில் சொல்ல மாட்டா எண்டு எனக்கு விளங்குது எண்டிட்டுப் போனது." அன்று இரண்டு வாய்கூடச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் சொல்லாமல்தான் இருந்தேன். கல்நெஞ்சு என்பார்களே, அது இதுதான்.

ஒன்பதாம் வருடத் தவக்காலத்தில் புதுச் சுவாமியார் ஒருவர் வந்தார். சின்ன வயது. நான் வழமைபோல ஒப்புவித்துக்கொண்டு போனேன். பொய் சொன்னனான் மூன்று தரம் என்றதும் கிராதிக்கு அப்பாலிருந்து, "என்ன பொய்? ஆருக்கு?" என்று கேட்டார்.

அதுவரை ஒரு சுவாமியாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்றுகூட யோசிக்கவில்லை.

"கடவுள் மன்னிப்பார். அதில சந்தேகம் இல்லை. ஆனா அந்தக் கடிதம் உம்முடையது இல்லை. அது அவவுடையது. கொண்டுபோய்க் குடும்."

"அது இப்ப இல்லையே சுவாமி."

"உம்மட வாயில இருக்கு."

ஜெபம் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. அதுதான் என் அபராதம் என்றார். மன்னிப்பு மந்திரம் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆறு நாள் இழுத்தடித்தேன். ஏழாம் நாள் காலை வேலிப் பொட்டால் போனேன். மாமி பழைய வலை விரித்து அதில் காயப்போட்டிருந்த மீனைக் குந்தியிருந்து திருப்பிக்கொண்டிருந்தார்.

"மாமி, நான் அவளைக் கண்டனான்."

மாமி நிமிராமலே கேட்டார்: "கனவிலையோ?"

"இல்லை மாமி. கட்டுக்கரைக்குப் போன நேரம். உங்களுக்குக் கடிதம் தந்துவிட்டவள். பாலத்தடியில பயத்தில திண்டிட்டன்."

அடிப்பார் என்று நினைத்தேன். மண்ணள்ளித் தூற்றுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் ஆயத்தமாகத்தான் போனேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமி கையில் இருந்த மீனை வைத்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தார்.

"என்ன எழுதியிருந்தவள்?"

சொன்னேன். நான் செய்தது பிழை, உங்களுக்குச் சொல்லாமல் வந்தது பிழை. இவர் வேதத்துக்கு வரச் சம்மதம். பிள்ளை கார்த்திகையில் பிறக்கும், அதற்கு முன் மடுக் கோயிலில் தாலி கட்ட வேண்டும், நீங்கள் வந்து நின்றால்தான் கட்டுவேன். வர முடியாவிட்டால் மன்னித்தேன் என்று யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள், அது போதும்.

"பிழை எண்டு எழுதியிருந்தவளோ?"

"ஓம் மாமி. ரெண்டு தரம்."

"எப்பிடித் தொடங்கினவள்? அம்மா எண்டோ? என்ர அம்மா எண்டோ?"

அது எனக்கு ஞாபகமில்லை. என்ர அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனுஷிக்குச் சாகும்வரை அது போதும். வாய் வரை வந்தது. இனியும் ஒரு பொய்யா என்று விழுங்கிவிட்டு, "ஞாபகமில்லை மாமி" என்றேன். ஒன்பது வருடத்தில் நான் அவருக்குச் சொன்ன முதல் உண்மைகளில் அதுதான் கொடியது.

பாவசங்கீர்த்தனம் பண்ணினால் பாரம் இறங்கும் என்று நான்தான் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். இறங்கியது. என் தலையிலிருந்து இறங்கி மாமியின் தலையில் ஏறியது. முதல்நாள் வேலிப் பொட்டடியில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வெட்கம், மாமிக்கு ஒரு பயணம், அவ்வளவோடு போயிருக்கும்.

"என்னை மன்னியுங்கோ மாமி" என்று காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமி என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு பூசை குடுக்கேல்லை நான் அவளுக்கு. கேட்டவைக்கெல்லாம் நரகத்தில கிடக்கிறாள் எண்டு சொன்னனான். பெத்த வாயால சொன்னனான்."

"உங்களுக்குத் தெரியாதுதானே மாமி."

"நீ என்னட்ட வந்து சொல்லிப்போட்டாய் பிள்ளை. நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

"சுவாமியிட்டச் சொல்லுங்கோ மாமி. அவர்..."

"சுவாமிக்கு நான் என்ன செய்தனான்?" என்றார் மாமி. "அவளுக்கெல்லோ செய்தனான்."

அவள் வயிற்றுப் பிள்ளையோடு தெருவோரம் எங்கேயோ கிடந்தாள். அந்த இடத்தைக் காட்டவும் ஆள் இல்லை.